கொலைக்கும் ஒரு பத்திரம்
வாசகர் கேள்வி – பதில்: 16-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துப் பிரபுக்கள்

கேள்வி: ஸ்காட்லாந்து ராணி மேரி ஸ்டூவர்ட் காலத்தில் பிரபுக்கள் ஒரு கொலை செய்வதற்கு முன் உட்கார்ந்து பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தங்களுக்கு எதிரான சாட்சியைத் தாங்களே ஏன் தயார் செய்தார்கள்?

பதில்: ஒருவர் மாட்டினால் எல்லாரும் மாட்ட வேண்டும் என்பதற்காகத்தான். பிறகு எவருக்கும் காட்டிக்கொடுக்கும் துணிச்சல் வராது.

இந்தப் பழக்கம் கொலைக்காகப் பிறந்தது அல்ல. ஸ்காட்லாந்து அரசருக்கு நிலையான படை கிடையாது. தலைநகரை விட்டுத் தள்ளிப் போனால் அந்தப் பகுதிப் பிரபு வைத்ததுதான் சட்டம். அதனால் சிறு நிலக்காரர் ஒருவர் பெரிய பிரபுவிடம், "உங்கள் சண்டைகளில் உங்கள் பக்கம் நிற்பேன்" என்று எழுதிக் கொடுப்பார். இதற்கு 'மேன்ரென்ட்' பத்திரம் என்று பெயர். பிரபு, "உன்னையும் உன் குடும்பத்தையும் காப்பேன்" என்று பதில் பத்திரம் தருவார். இப்படிப்பட்டவை சுமார் 800 இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. எல்லாரும் கைப்பழக்கமாக எழுதிவந்த இந்த வடிவம்தான் சதிக்கும் பயன்பட்டது.

1566 மார்ச்சில் ராணியின் செயலாளர் டேவிட் ரிட்சியோவைக் கொல்ல எழுதிய பத்திரத்தைப் பாருங்கள். அது ஒரு பண்டமாற்று. ராணியின் கணவர் டார்ன்லி, கொலைப் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். முந்தைய ஆண்டு கிளர்ச்சி செய்து இங்கிலாந்துக்கு ஓடிய மரே ஏர்ல் (ஏர்ல் என்பது உயர்குடிப் பட்டம்; மரே, ராணியின் மாற்றாந்தாய் அண்ணன்) முதலியோரின் சொத்துகளைப் பறிமுதலிலிருந்து காப்பதாக உறுதி தருகிறார். பதிலுக்கு அவர்கள் டார்ன்லிக்கு 'மணவழி மகுடம்' பெற்றுத் தருவார்கள். வெறும் ராணியின் கணவராக இருந்தால், மனைவி இறந்த மறுநாள் அவருக்கு அதிகாரம் எதுவும் மிஞ்சாது. மணவழி மகுடம் கிடைத்துவிட்டால் அவள் இறந்தாலும் இவர் அரசராகத் தொடரலாம். இதை நினைவில் வைத்துக்கொண்டு, ஆறு மாதக் கர்ப்பிணியான ராணியின் கண்முன் ஒருவரை இழுத்துச்சென்று குத்திக் கொன்றதைப் படித்தால் உடல் நடுங்கும்.

நாளும் தற்செயல் அல்ல. கிளர்ச்சியாளர் சொத்தைப் பறிமுதல் செய்யும் தீர்மானம் மார்ச் 12 அன்று பாராளுமன்றத்துக்கு வரவிருந்தது. கொலை நடந்தது மார்ச் 9, ஹோலிரூட் அரண்மனையில். மறுநாள் மாலையே மரே எடின்பரோவுக்கு வந்துவிட்டார். ரிட்சியோ உடலில் 50-க்கும் மேற்பட்ட காயங்கள். டார்ன்லியின் கத்தியை அந்த உடலிலேயே குத்தி விட்டுச் சென்றார்கள். பத்திரத்தில் போட்ட கையெழுத்து போதாதென்று அது இன்னொரு கையெழுத்து.

ஏற்பாடு குலைந்தது டார்ன்லியால். இரண்டே நாளில் மேரி அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நள்ளிரவில் குதிரையேறி டன்பார் கோட்டைக்குத் தப்பினார். அங்கே டார்ன்லி, தனக்கு எதுவும் தெரியாது என்று சத்தியம் செய்தார். கைவிடப்பட்டவர்கள் அவருடைய கையெழுத்தோடு அந்தப் பத்திரத்தை ராணிக்கே அனுப்பிவைத்தார்கள். டார்ன்லியின் சாவு அந்த வாரமே முடிவாகிவிட்டது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: டார்ன்லி கொலை, மேரியின் மறுமணம், பதவி பறிப்பு எல்லாம் 1567-இன் முதல் ஏழு மாதங்களுக்குள் நடந்துவிடுகின்றன. ஏன் இந்த அவசரம்?

பதில்: ராணியின் வயதைக் கணக்கிடுங்கள். மேரி பிறந்தது 1542 டிசம்பர் 8. ஆறாம் நாள் தந்தை ஐந்தாம் ஜேம்ஸ் இறக்க, தொட்டிலிலேயே ராணியானார். அவருடைய தந்தை 17 மாதக் குழந்தையாக அரியணை ஏறியவர். மகன் ஆறாம் ஜேம்ஸ் 13 மாதத்தில். 1406 முதல் அந்த நாட்டில் முடிசூடிய ஏழு பேரில் ஒருவர்கூட உரிய வயதில் ஆட்சிக்கு வரவில்லை.

அரசர் குழந்தையாக இருந்தால் ஆட்சி காப்பாட்சியர் கையில். அவர் ஆதரவு தேடி அரச நிலங்களைப் பிரபுக்களுக்கு வாரி வழங்குவார். இதற்கு மருந்தாக ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது: அரசர் 25 வயது நிறைவதற்குள், தம் சிறுவயதில் வழங்கப்பட்ட கொடைகளை எல்லாம் ரத்து செய்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கெடு தாண்டிவிட்டால் கொடுத்தது கொடுத்ததுதான்.

மேரிக்கு 25 நிறையும் நாள் 1567 டிசம்பர் 8. அதாவது அந்த ஆண்டு முழுக்க, அரச நிலம் வைத்திருந்த ஒவ்வொரு பிரபுவின் தலைக்கு மேலும் கத்தி தொங்கியது. ஏப்ரல் பாராளுமன்றம் மரே, மோர்ட்டன், ஹன்ட்லி முதலிய பலருடைய நில உரிமைகளை உறுதி செய்தது. ஜூலை 24 அன்று, பிரபுக்கள் அடைத்துவைத்த லாக்லெவன் தீவுச் சிறையில் மேரி பதவி துறந்தார். ஜூலை 29 அன்று குழந்தைக்கு முடிசூட்டினார்கள். அடுத்த ரத்து உரிமை இனி 1591 வரை வாய்திறக்காத ஒரு குழந்தையின் கையில் என்று நினைத்திருப்பார்கள். ஆறாம் ஜேம்ஸ் 21 வயதிலேயே, 1587-இல், அதைப் பயன்படுத்திவிட்டார். எல்லாமே இந்தக் கெடுவால் நடந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் காதலையும் மதத்தையும் மட்டும் வைத்து இந்த ஆண்டை விளக்குபவர்கள் நாட்காட்டியைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

கேள்வி: வீடே வெடித்துச் சிதறியபோது டார்ன்லியின் உடலில் காயமே இல்லை என்கிறார்களே, எப்படி?

பதில்: வெடிக்கும்போது அவர் வீட்டுக்குள் இல்லை. இடம், எடின்பரோ நகரச் சுவரை ஒட்டிய கிர்க் ஓ ஃபீல்ட். நாள், 1567 பிப்ரவரி 10, விடிவதற்குப் பல மணி நேரம் முன்பு. நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த டார்ன்லி மாடி அறையில் படுத்திருந்தார். மேரி அன்று மாலை அங்கே இருந்துவிட்டு, தன் பணியாளர் ஒருவரின் திருமணக் கொண்டாட்டத்துக்காக ஹோலிரூட் திரும்பியிருந்தார்.

வெடிமருந்து கட்டடத்தை அடித்தளம் வரை பெயர்த்தெடுத்தது. டார்ன்லியும் அவருடைய பணியாள் டெய்லரும் சுவருக்கு அப்பால், தோட்டத்தில் கிடந்தார்கள். உடலில் சட்டை மட்டும். தீக்காயம் இல்லை, வெட்டும் இல்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு கத்தி, ஒரு மேலங்கி, கயிறு. இங்கிலாந்து அமைச்சர் செசிலுக்காக அப்போதே வரைந்து அனுப்பிய படத்தில் இவை அனைத்தையும் இன்றும் பார்க்கலாம். கீழே நடமாட்டம் கேட்டு, கயிறும் நாற்காலியும் கொண்டு ஜன்னல் வழியே இறங்கியவர்களை, வெளியே காத்திருந்தவர்கள் மூச்சை அடைத்துக் கொன்றார்கள் என்பதே பொருந்தும் விளக்கம்.

வெடிமருந்து வைத்தவர்கள், பிறகு மேரியை மணந்த பாத்வெல் ஏர்லின் ஆட்கள். தோட்டத்தில் காத்திருந்தவர்கள் டக்ளஸ் குடும்பத்தார் என்பதற்கு வலுவான குறிப்புகள் உண்டு. டார்ன்லியின் தாய் மார்கரெட், டக்ளஸ் வீட்டுப் பெண். சாகும் நேரத்தில் அவர் "உறவினர்களே, இரக்கம் காட்டுங்கள்" என்று கெஞ்சியதை அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டதாக அன்றே பேச்சு எழுந்தது.

கேள்வி: டக்ளஸ் குடும்பத்து மோர்ட்டன் ஏர்ல் இந்தக் கொலையில் கை வைத்தாரா, இல்லையா?

பதில்: பாத்வெல் தன்னிடம் கேட்டதாகவும், "ராணி எழுதிக் கையெழுத்திட்ட அனுமதியைக் கொண்டுவா" என்று தான் சொன்னதாகவும், அது வரவே இல்லை என்றும் சாவதற்கு முன் மோர்ட்டன் ஒப்புக்கொண்டார். தெரிந்தும் சொல்லாதது போதும், தண்டிக்க. 1572 முதல் 1578 வரை நாட்டையே ஆண்ட அவரை 1581 ஜூன் 2 அன்று 'மெய்டன்' என்னும் தலைவெட்டும் இயந்திரத்தில் கொன்றார்கள். அந்த இயந்திரம் எடின்பரோ அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

கேள்வி: மேரியை மணக்க பாத்வெல் தன் மனைவியைச் சில நாட்களில் விவாகரத்து செய்தது எப்படி? அந்தக் காலத்தில் அது அவ்வளவு சுலபமா?

பதில்: சுலபமில்லை. அதனால்தான் ஒன்றுக்கு இரண்டாக நீதிமன்றம் ஏறினார்கள்.

பாத்வெல்லும் ஜீன் கோர்டனும் மணந்தது 1566 பிப்ரவரி 24. ஜீன், ஹன்ட்லி ஏர்லின் தங்கை. அவள் கொண்டுவந்த சீதனம் 12,000 மெர்க். ஒரு மெர்க் என்பது ஒரு ஸ்காட்லாந்து பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு, ஆகவே 8,000 பவுண்டு. கடனில் மூழ்கியிருந்த பாத்வெல் தன் கிரிக்டன் நிலங்களை அந்தப் பணத்தால்தான் மீட்டார்.

முதல் வழக்கு, 1564-இல் ஏற்பட்ட புராட்டஸ்டன்ட் கமிசரி நீதிமன்றத்தில். அங்கே சோரம்போனதைக் காட்டித் திருமணத்தை முறிக்கலாம். ஆனால் தவறு செய்யாதவர்தான் வழக்குப் போட முடியும். எனவே ஜீன் வாதி. வேலைக்காரப் பெண் பெஸ்ஸி கிராஃபர்டுடன் பாத்வெல்லுக்கு இருந்த தொடர்பு காரணமாகக் காட்டப்பட்டு, 1567 மே 3 அன்று தீர்ப்பு.

கத்தோலிக்கர் கண்ணில் இந்தத் தீர்ப்புக்கு மதிப்பில்லை. அவர்களுக்குத் திருமணம் முறியாது, முதலிலிருந்தே செல்லவில்லை என்று அறிவிக்கத்தான் முடியும். ஆகவே இரண்டாம் வழக்கு, ஆர்ச்பிஷப் ஹாமில்டனின் நீதிமன்றத்தில், பாத்வெல் வாதியாக. அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை மேரி சில மாதங்களுக்கு முன்புதான், 1566 டிசம்பரில், திரும்பக் கொடுத்திருந்தார். தம்பதி நான்காம் படி ரத்த உறவினர், அதற்குத் திருச்சபையின் சிறப்பு அனுமதியான 'விலக்கு' பெறாமல் மணந்தார்கள் என்று மே 7 அன்று திருமணம் செல்லாததாயிற்று. எட்டு நாள் கழித்து, மே 15, ராணியுடன் திருமணம்.

இதில் மனம் பதறும் இடம் ஒன்று உண்டு. விலக்கு பெறப்பட்டிருந்தது. திருமணத்துக்கு ஒரு வாரம் முன்னதாக அதை வழங்கியவர் இதே ஆர்ச்பிஷப் ஹாமில்டன். ஜீன் அந்தத் தாளை வெளியே எடுத்திருந்தால் இரண்டாம் தீர்ப்பு அந்த இடத்திலேயே விழுந்திருக்கும். ஏன் எடுக்கவில்லை? 1563-இல் பறிபோன ஹன்ட்லி குடும்பச் சொத்து முழுவதும் இதே 1567 ஏப்ரல் பாராளுமன்றத்தில் அவள் அண்ணனுக்குத் திரும்பக் கிடைத்தது. கிரிக்டன் நிலத்தில் அவளுடைய சீவனாம்ச உரிமையும் கைவிட்டுப் போகவில்லை. விலை கொடுக்கப்பட்டது, வாய் மூடப்பட்டது.

ஏப்ரல் 19 அன்று ஐன்ஸ்லி சத்திரத்தில் பிரபுக்களும் பிஷப்புகளும், பாத்வெல்லை ராணிக்கு ஏற்ற மாப்பிள்ளை என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். மோர்ட்டனும் இட்டார். ஜூன் 15 அன்று கார்பரி மலையில் பாத்வெல்லை எதிர்த்து நின்ற படையின் தலைவர்களில் ஒருவர் அதே மோர்ட்டன்.

கேள்வி: 'ஆரன் ஏர்ல்' என்று ஒரு புத்தகத்தில் காப்பாட்சியர், இன்னொன்றில் பைத்தியம், வேறொன்றில் கொடுங்கோலர். ஒரே ஆளா?

பதில்: மூன்று பேர். ஏர்ல் பட்டத்தின் பெயர் நிலத்துடையது, ஆளுடையது அல்ல. பட்டம் கைமாறினால் பெயரும் கைமாறும்.

முதலாமவர் ஜேம்ஸ் ஹாமில்டன், இரண்டாம் ஆரன் ஏர்ல். 1543-இல் குழந்தை மேரிக்குக் காப்பாட்சியர். மேரி இறந்தால் அடுத்த வாரிசும் அவரே. ஆனால் அவருடைய பிறப்பில் ஒரு சிக்கல். அவருடைய தந்தை எலிசபெத் ஹோம் என்ற மனைவியை விலக்கிவிட்டு ஜேனட் பீட்டனை மணந்து பெற்ற மகன் இவர். முதல் மனைவியை விலக்கிய தீர்ப்பு செல்லாது என்றால் இவர் முறையான மகன் அல்ல. வாரிசுரிமை லெனாக்ஸ் ஏர்லுக்குப் போய்விடும். அந்தத் தீர்ப்பு கத்தோலிக்கத் திருச்சபை தந்தது. 1543 கோடையில் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்து புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தின் பக்கம் சாய்ந்திருந்த ஆரன், செப்டம்பரில் திடீரென்று கார்டினல் பீட்டனிடம் மண்டியிட்டுக் கத்தோலிக்கத்துக்குத் திரும்பினார். கோழைத்தனம் என்று பலர் எழுதுகிறார்கள். போப்பின் அதிகாரத்தை மறுத்தால் தன் பிறப்பையே மறுத்ததாகும் என்ற பயத்தை அவர்கள் எடைபோடுவதில்லை. வாரிசுச் சண்டையில் தோற்ற லெனாக்ஸ் இங்கிலாந்துக்குப் போனார். அவருடைய மகன்தான் டார்ன்லி.

இரண்டாமவர், அந்த ஆரனின் மகன். மேரியையும் எலிசபெத்தையும் மணக்க ஆசைப்பட்டவர். 1562-இல் மனநிலை குலைந்தது. 1609-இல் இறக்கும்வரை தெளியவில்லை.

மூன்றாமவர் கேப்டன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். மோர்ட்டன்மீது சபையில் குற்றம் சாட்டியவர். மனநிலை குலைந்த ஏர்லுக்குக் காப்பாளராக நுழைந்து, 1581-இல் அவருடைய பட்டத்தையே வாங்கிக்கொண்டார். அதே ஆண்டு எலிசபெத் ஸ்டூவர்ட்டை மணந்தார். அவள் அரசரின் தந்தைவழிப் பாட்டனாரின் தம்பியான மார்ச் ஏர்லின் மனைவி. கணவருக்கு ஆண்மை இல்லை என்று சொல்லி விவாகரத்து பெற்றாள். அப்போது அவள் கர்ப்பிணி. பிரசங்க மேடைகள் கொந்தளித்தன. 1585-இல் இவர் வீழ்ந்தார். பின்னாளில் மோர்ட்டனின் உறவினர் ஒருவர் பழிதீர்த்தார்.

கேள்வி: சிறுவனாக இருக்கும் ஏர்லின் 'திருமணத்தை' விலைக்கு விற்றார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மை. அரசரிடம் படைச்சேவை முறையில் நிலம் பெற்றவர் இறந்து, மகன் சிறுவன் என்றால், நிலத்தின் வருமானமும் அந்தப் பையனுக்குப் பெண் பார்க்கும் உரிமையும் அரசருக்கு. அவர் இரண்டையும் தனித்தனியே விற்பார் அல்லது வேண்டியவருக்குக் கொடுப்பார். காட்டிய பெண்ணைப் பையன் மறுத்தால் திருமண மதிப்பைக் கட்ட வேண்டும். அனுமதி இல்லாமல் வேறொருத்தியை மணந்தால் இரட்டிப்பு. வாங்கியவர் தன் மகளையே கட்டிவைத்துவிடுவார்.

1567-இல் வடக்கே ஹெல்ம்ஸ்டேலில் சதர்லாந்து ஏர்லுக்கும் கர்ப்பிணி மனைவிக்கும் இசபெல் சின்க்ளேர் என்ற உறவுக்காரி விஷம் வைத்தாள். வேட்டையிலிருந்து தாமதமாக வந்த 15 வயது மகன் அலெக்சாண்டர் உண்ணாமல் தந்தை தடுத்துவிட்டார். அந்தப் பையனும் இறந்தால் தன் மகன் வாரிசு என்பது அவள் திட்டம். அந்த மகனே தெரியாமல் அந்தப் பானத்தைக் குடித்து இறந்தான். அனாதையான அலெக்சாண்டரின் காப்பாளர் உரிமை கெய்த்னஸ் ஏர்ல் கைக்குப் போக, அவர் தன் மகள் பார்பராவை அவனுக்குக் கட்டிவைத்தார். மணமகளுக்கு வயது 32. இந்த விவரங்களை எழுதிவைத்தவர் அலெக்சாண்டரின் மகன் ராபர்ட் கோர்டன். சின்க்ளேர்கள் மேல் அவருக்கு இருந்த பகையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கேள்வி: பிணத்தை நீதிமன்றத்தில் நிறுத்தினார்களாமே?

பதில்: ஜீன் கோர்டனின் தந்தை நான்காம் ஹன்ட்லி ஏர்லை நிறுத்தினார்கள். 1562 அக்டோபர் 28, கொரிச்சிப் போரில் பிடிபட்ட அவர் காயமே படாமல் குதிரை மேல் இருந்தபடியே உயிர் விட்டார். உடலைப் பதப்படுத்திக் கப்பலில் எடின்பரோவுக்குக் கொண்டுவந்தார்கள். 1563 மே மாதம் சவப்பெட்டி பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டு, ராஜத்துரோகக் குற்றம் படிக்கப்பட்டது.

காரணம் வன்மம் மட்டுமல்ல. துரோகத் தீர்ப்பு இல்லாவிட்டால் நிலம் மகனுக்குப் போய்விடும். இறந்தவரையும் விசாரிக்கலாம் என்று 1540-இல் பாராளுமன்றம் வழி திறந்திருந்தது. மரே ஏர்ல் என்ற பட்டத்தின் நிலங்களை அதுவரை அனுபவித்துவந்தவர் ஹன்ட்லி. போரில் வென்றவர் ராணியின் மாற்றாந்தாய் அண்ணன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்; அந்தப் பட்டத்தைப் பெற்றிருந்தவரும் அவரே. 1600 நவம்பரில் கௌரி ஏர்ல் சகோதரர்களின் உடல்களுக்கும் இதே கதி. அவர்களுடைய ரூத்வன் என்ற குடும்பப் பெயரே தடைசெய்யப்பட்டது.

கேள்வி: ஒரு மடாதிபதியை நெருப்பில் வாட்டிக் கையெழுத்து வாங்கியது எதற்காக?

பதில்: நிலையான குத்தகைக்காக. மடத்து நிலங்களை 'ஃபியூ' முறையில் எழுதி வாங்கினால், முதலில் ஒரு பெரிய தொகை, பிறகு ஆண்டுதோறும் மாறாத தீர்வை. நிலம் பரம்பரைக்கும் உங்களுடையது. விலைவாசி ஏறிக்கொண்டே போன நூற்றாண்டு அது. தீர்வை ஏறாது என்பதால் வாங்கியவருக்கு ஆண்டுக்கு ஆண்டு லாபம், மடத்துக்கு நஷ்டம்.

கிராஸ்ராகுவல் மடத்தின் நிர்வாகி ஆலன் ஸ்டூவர்ட் கையெழுத்திட மறுத்தார். 1570 செப்டம்பரில் காசிலிஸ் ஏர்ல் அவரை டன்யூர் கோட்டையின் நிலவறைக்குக் கொண்டுபோய், இரும்புச் சட்டத்தில் கட்டி, உடல் கருகிவிடாதிருக்க எண்ணெய் தடவி நெருப்பில் வாட்டினார். ஒருமுறை அல்ல, இருமுறை. கருகிப்போனால் கையெழுத்துப் போட முடியாதே! அரசவை ஏர்லிடம் கேட்டது, இனித் தொல்லை தரமாட்டேன் என்பதற்கு 2,000 பவுண்டு பிணை. அவ்வளவுதான்.

கேள்வி: மேரியின் 'பெட்டிக் கடிதங்கள்' அசலா, போலியா?

பதில்: டார்ன்லி கொலையில் மேரிக்குப் பங்கு உண்டு என்று காட்ட, அவர் பாத்வெல்லுக்கு எழுதியவை என்று எதிரிகள் முன்வைத்தவை இவை. 1567 ஜூனில் வெள்ளிப் பெட்டியில் சிக்கியதாகச் சொல்லப்பட்டவை எட்டுக் கடிதங்கள், சில கவிதைகள், திருமண ஒப்பந்தங்கள். அவற்றை வைத்திருந்த முதலாம் கௌரி ஏர்ல் 1584-இல் தலைவெட்டப்பட்ட பிறகு மூலத்தாள்கள் காணவில்லை. பிரதிகளையும் மொழிபெயர்ப்புகளையும் வைத்துக் கையெழுத்தை ஒப்பிட முடியாது. உண்மையான கடிதங்களுக்குள் வேண்டிய வரிகளைச் செருகியிருக்கிறார்கள் என்பது எங்களுக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது.

கேள்வி: இத்தனை பேரில் நன்றாக வாழ்ந்து முடித்தவர் யாராவது உண்டா?

பதில்: ஜீன் கோர்டன். பாத்வெல் 1578-இல் டென்மார்க்கின் டிராக்ஸ்ஹோம் சிறையில் இறந்தார்; மேரியை 1587-இல் இங்கிலாந்தில் தலைவெட்டினார்கள். ஜீன் 1573-இல் சதர்லாந்து ஏர்லை மணந்தாள். விஷத்துக்குத் தப்பிய அதே அலெக்சாண்டர்தான். பார்பராவை அதே ஆண்டு விலக்கியிருந்தார். கணவர் நோயாளியானபின் நிலங்களை நிர்வகித்தவள் அவளே. 1598-இல் பிரோராவில் நிலக்கரி வெட்டவும் உப்புக் காய்ச்சவும் ஏற்பாடு செய்தாள். 1599-இல் மூன்றாவதாக அலெக்சாண்டர் ஓகில்வியை மணந்தாள். கிரிக்டன் நிலத்து வருமானம் கடைசிவரை வந்துகொண்டிருந்தது. 1629-இல், 80 வயதைத் தாண்டி, இறந்தாள். 1566-இல் ஹாமில்டன் வழங்கிய அந்த விலக்குத் தாளை அவள் கிழித்துப் போடவில்லை. சதர்லாந்து ஏர்ல்களின் டன்ராபின் கோட்டையில், 19-ஆம் நூற்றாண்டில்தான் அது கண்டெடுக்கப்பட்டது.